சீட் கிடைத்த பிறகு வந்த 47

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. ஆபீஸில் மீட்டிங் நடந்துகொண்டிருந்தபோது என் போனில் பள்ளிச் செயலியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. ஏபி பிசிக்ஸ் சி, மின்னியல், முதல் யூனிட் டெஸ்ட்: 100க்கு 47.

என் மகளுக்கு அதுவரை எந்தப் பாடத்திலும் 80க்குக் கீழே வந்ததில்லை. இரண்டு மாதம் முன்புதான், டிசம்பர் நடுவில், ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அன்றைக்குக் கேசரி கிண்டினேன். கோபியில் இருக்கும் என் அப்பா அம்மாவை வீடியோ காலில் கூப்பிட்டு, அந்தக் கடிதத்தை போன் கேமராவுக்கு நேரே பிடித்துக் காட்டினோம். அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனாலும் கடிதத்தை முழுக்க நகர்த்திக் காட்டச் சொல்லிப் பார்த்தார்.

அந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்த ஒரு வரியை நாங்கள் யாருமே அன்று வாசிக்கவில்லை. நியூ ஜெர்சி வந்து 12 வருடம் ஆகியும், இந்த ஒரு விஷயம் எனக்குப் பிடிபடாமலே இருந்திருக்கிறது. நம் ஊரில் பிளஸ் டூ மார்க் வந்த பிறகுதான் சீட். சீட் வந்துவிட்டால் பள்ளிக்கூடத்துக் கணக்கு முடிந்தது. இங்கே வரிசை மாறி நடக்கிறது. 12ஆம் வகுப்பின் பாதியில் சீட் வருகிறது, மீதிப் பாதி அதற்குப் பிறகு ஓடுகிறது, ஜூன் மாதம் அந்த மீதிப் பாதியின் மதிப்பெண்ணும் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. இப்போதைய தரத்தைக் கடைசி வரை தக்கவைத்துக்கொள்வீர்கள் என்ற நிபந்தனையின் பேரில்தான் இடம் தருகிறோம் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகங்களில் இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்லியிருப்பார்கள்: கடைசி வருடத்தில் டி அல்லது எஃப் (ஏ, பி, சிக்குக் கீழே உள்ள கிரேடுகள்) வாங்கக் கூடாது, வாங்கினாலோ ஒரு பாடத்தை விட்டாலோ நீங்களாகவே தெரிவிக்க வேண்டும். டிசம்பரில் கடிதம் வந்த அன்றே அந்தப் பத்தியைக் குழந்தையோடு உட்கார்ந்து ஒரு முறை வாசித்துவிடுங்கள். பயமுறுத்த வேண்டாம், வாசித்தால் போதும்.

இந்தப் பாடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏபி என்பது காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் பாடத்திட்டம். பள்ளியில் படித்தாலும் முதல் வருடக் கல்லூரிப் பாடத்தின் அளவுக்கு இருக்கும். மே மாதம் பொதுத் தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண். பிசிக்ஸில் மட்டும் நான்கு ஏபி பாடங்கள் உண்டு. பிசிக்ஸ் 1, பிசிக்ஸ் 2 இரண்டும் அல்ஜீப்ராவோடு நின்றுவிடும். பிசிக்ஸ் சி என்பது கால்குலஸ் போட்டு நடத்துவது. அதில் மெக்கானிக்ஸ் ஒன்று, மின்னியலும் காந்தவியலும் சேர்ந்து இன்னொன்று. என் மகளின் பள்ளியில் டிசம்பர் வரை மெக்கானிக்ஸ், ஜனவரியிலிருந்து மின்னியல்.

மெக்கானிக்ஸில் 91 வாங்கினாள். அதனால்தான் 47ஐப் பார்த்ததும், இது பாடத்தால் வந்ததில்லை, அலட்சியத்தால் வந்தது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். கடைசி வருடப் பிள்ளைகளின் மெத்தனத்துக்கு இங்கே ‘சீனியரைட்டிஸ்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, “சீட் கிடைச்சதும் தலைக்கனம் வந்துருச்சா?” என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்த இரண்டு குவிஸ் தாள்களையும் என்னிடம் காட்டவே இல்லை. ஒன்று 58, இன்னொன்று 52. இதையும் செயலியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். ஏனென்றால் அவள் தினமும் ராத்திரி 11 மணி வரை அந்தப் பாடத்தோடுதான் உட்கார்ந்திருந்தாள். வீட்டுப்பாடம் ஒன்றுகூட விடாமல் கொடுத்திருந்தாள். எனக்கு அது தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே கீழே வந்தாள். நான் சாம்பாருக்கு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்து சொன்னாள்: “ம்மா, சொல்யூஷன் பாக்கறப்ப எல்லாம் புரியுது. பேப்பர் கைக்கு வந்தா எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல.”

அதன் பிறகுதான் விசாரித்தேன். டிசம்பர் வரை ஒரு கணக்கு வரவில்லையென்றால் அரை மணி, முக்கால் மணி என்று அதோடு மல்லுக்கட்டுவாளாம். ஜனவரிக்குப் பிறகு பத்து நிமிடத்தில் வரவில்லையென்றால் ஆசிரியர் இணையத்தில் போட்டு வைத்திருக்கும் விடையைத் திறந்துவிடுகிறாள். பார்த்தால் புரிகிறது. புரிந்ததை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறாள். சீட் கிடைத்ததால் வந்த மாற்றம் என்று பார்த்தால் இது ஒன்றுதான். உழைக்கும் நேரம் குறையவில்லை, அந்த முக்கால் மணி நேரப் போராட்டம் மட்டும் நின்றுபோயிருந்தது. மெக்கானிக்ஸில் இதைச் செய்திருந்தாலும் ஓரளவு தப்பித்திருப்பாள். பந்து, சறுக்குப் பலகை, கப்பி எல்லாம் கண்ணால் பார்த்துப் பழகியவை. மின்னூட்டம் தன்னைச் சுற்றி உண்டாக்கும் மின்புலத்தை யார் பார்த்தார்கள்?

“சரி, ஒரு கணக்கு என் எதிர்ல போடு. நான் எதுவும் சொல்ல மாட்டேன்” என்றேன். பேசாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்த மூன்று மாதத்தில் நான் செய்தவற்றில் மிகவும் உபயோகமானது அதுதான் என்று நினைக்கிறேன்.

கணக்கு இது: 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி. அதன் மேல் சீராக மின்னூட்டம் பரவியிருக்கிறது. கம்பியின் நேர்கோட்டிலேயே, அதன் முனையிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி. அங்கே மின்புலம் எவ்வளவு? படம் வரைந்தாள். ஃபார்முலா எழுதினாள். கே க்யூ பை ஆர் ஸ்கொயர். கே ஒரு மாறிலி, க்யூ மின்னூட்டம், ஆர் தூரம். சரிதான். அப்புறம் பேனா நின்றுவிட்டது. ஆர் என்ற இடத்தில் என்ன போடுவது? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கம்பியின் நடுவிலிருந்து அளந்து 15 என்று போட்டாள். அடுத்த கணக்கு ஒரு வளையம். அதிலும் பேனா அதே இடத்தில் நின்றது. மூன்றாவதிலும் அப்படித்தான். மூன்று கணக்கிலும் தொகையீடு, அதாவது இன்டகிரேஷன், போடத் தெரியாமல் நிற்கவில்லை. ஏபி கால்குலஸ் பிசி வகுப்பில் அவளுக்கு அப்போது 94. தொகையீட்டைக் கையில் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவாள். ஆனால் கணக்கு வகுப்பில் தொகையீடு தயாராக வந்து உட்கார்ந்திருக்கும். பிசிக்ஸில் அதை நாமே கட்ட வேண்டும். எதைச் சின்னச் சின்னதாக நறுக்குவது, ஒரு துண்டின் மின்னூட்டம் எவ்வளவு, அந்தத் துண்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தீர்மானிக்க வேண்டும். அந்தப் பாலம்தான் அவளிடம் இல்லை.

கையில் முருங்கைக்காய் இருந்தது. அதையே கம்பி என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். பத்துத் துண்டாக நறுக்கி மேஜையில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு பங்கு மின்னூட்டம். முதல் துண்டின் நடு 10.5 சென்டிமீட்டரில் இருக்கிறது, அடுத்தது 11.5, கடைசித் துண்டு 19.5. ஒவ்வொன்றையும் தனிப் புள்ளியாக வைத்துக் கணக்குப் போட்டுக் கூட்டு, கால்குலஸே வேண்டாம் என்றேன். கால்குலேட்டரில் பத்து முறை தட்டினாள். கே க்யூவை 200.3ஆல் வகுத்தால் வருவது விடையாகக் கிடைத்தது. பிறகு தொகையீடு போட்டுப் பார்த்தாள்: சரியாக 200. அவள் முதலில் செய்தது போல நடுவிலிருந்து அளந்தால் 15ஐ 15ஆல் பெருக்கி 225.

225ஐயும் 200ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். “பக்கத்துல இருக்கற துண்டெல்லாம் ஜாஸ்தி இழுக்குது, இல்லம்மா? அதனாலதான் நடுவுல வெக்கக் கூடாது” என்றாள். அதேதான். அடுத்ததாக, நான் சொல்லாமலேயே, புள்ளியை ஒரு மீட்டர் தூரத்துக்குத் தள்ளி வைத்துப் பார்த்தாள். சரியான முறையில் 11,000. நடுவிலிருந்து அளந்தால் 11,025. தூரத்தில் நின்று பார்த்தால் கம்பியும் புள்ளி மாதிரிதான். விடையைச் சோதிக்கும் இந்த வழி அவளுக்குக் கடைசி வரை கைகொடுத்தது: தூரத்தை மிகப் பெரிதாக்கினால் விடை சாதாரணப் புள்ளி மின்னூட்டத்தின் விடையாக மாறுகிறதா? மாறவில்லையென்றால் எங்கேயோ தப்பு.

உங்கள் பிள்ளைக்கு இது வேறு இடமாக இருக்கலாம். சிலருக்குப் படம் வரைவதில் நிற்கும், சிலருக்கு வலது கை விதியில் நிற்கும், சிலருக்கு சைன், கொசைன் பிரிப்பதில். ‘பிசிக்ஸ் வரவில்லை’ என்று மொத்தமாகச் சொல்லிக்கொண்டு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பதில் பலன் இல்லை. பேனா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மூன்று கணக்கு போதும், இடம் தெரிந்துவிடும். பிசிக்ஸ் தெரியாத பெற்றோர்கூடப் பார்க்கலாம், பேனா நிற்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

அடுத்து ஆசிரியரிடம் போகச் சொன்னேன். முதலில் மாட்டேன் என்றாள். ஜனவரியிலிருந்து வகுப்பில் கை தூக்கவே இல்லையாம். இத்தனை நாள் கழித்துப் போய் ஒன்றுமே புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? அதைச் சொல்லாதே, ஒரே ஒரு கேள்வி கொண்டு போ என்றேன். ராத்திரி உட்கார்ந்து மின்னஞ்சல் எழுதினாள். நான்கே வரி. “காஸ் விதிப்படி, மூடிய பரப்புக்கு வெளியே இருக்கும் மின்னூட்டத்தால் நிகரப் பாயம் பூஜ்யம் என்பது புரிகிறது. அப்படியென்றால் அந்தப் பரப்பின் மேல் மின்புலமும் பூஜ்யமா? மூன்றாவது கணக்கில் நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். நாளை காலை பள்ளி தொடங்கும் முன் வந்தால் பார்க்க முடியுமா?” இதுதான் சாரம். (மூடிய ஒரு பரப்பின் வழியாக வெளியே போகும் மொத்தப் பாயத்தை, உள்ளே இருக்கும் மின்னூட்டத்தோடு இணைப்பதுதான் காஸ் விதி.) காலை 7 மணிக்கு வரச் சொல்லி அன்று இரவே பதில் வந்தது.

ஆசிரியர்கள் உதவத் தயாராகத்தான் இருக்கிறார்கள். ‘எதுவும் புரியவில்லை’ என்று வந்து நிற்கும் பிள்ளைக்கு எங்கிருந்து தொடங்குவது என்பது அவர்களுக்கும் சிரமம். குறிப்பிட்ட கேள்வியோடு போனால் ஐந்து நிமிடத்தில் முடியும். அதன் பிறகு வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும், 7 மணிக்குப் போக ஆரம்பித்தாள். பனி கொட்டிய ஒரு நாள் தவிர, நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன்.

அந்தப் பாயம் விஷயம் ஆசிரியர் சொன்ன பிறகும் அவள் மனதில் முழுதாக உட்காரவில்லை. நான் கோபியில் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் ஃபிளக்ஸ் என்று சொல்வதை நாங்கள் மின்பாயம் என்று படித்தோம். அவளுக்கு ஃபிளக்ஸ் என்பது அர்த்தம் தெரியாத ஒரு சத்தம். பாயம் என்றால் பாய்வது, தண்ணி பாயுதில்ல, அது மாதிரி என்றேன். தாத்தா வயலில் தண்ணீர் பாய்ச்சுவதை அவள் பார்த்திருக்கிறாள். கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி வாய்க்காலில் வரும் தண்ணீர். வாய்க்காலில் வருகிற தண்ணீர் வயலின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் முழுசாக வெளியே போய்விட்டால், அந்த வயலிலிருந்து மொத்தமாக எவ்வளவு வெளியே போயிற்று? உள்ளே வந்ததும் வெளியே போனதும் கழிந்து பூஜ்யம். ஆனால் வரப்பில் நின்று பார்த்தால் தண்ணீர் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? வயலுக்குள்ளேயே ஓர் ஊற்று இருந்தால்தான் வந்ததைவிட அதிகமாக வெளியே போகும். ஊற்றுதான் உள்ளே இருக்கும் மின்னூட்டம். வாய்க்கால் தண்ணீர், வெளியே இருக்கும் மின்னூட்டத்தின் புலம். நிகரப் பாயம் பூஜ்யம் என்பதும், புலம் பூஜ்யம் என்பதும் வேறு வேறு.

“அப்ப ஃபீல்டு இருக்கு, நெட் ஃபிளக்ஸ்தான் இல்ல!” என்று அவள் சொன்ன விதத்தில் அவ்வளவு நிம்மதி இருந்தது. அதன் பிறகு தமிழ்நாடு பிளஸ் டூ இயற்பியல் முதல் தொகுதியை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொண்டேன். நிலை மின்னியல், மின்னோட்டவியல், காந்தவியல், மின்காந்தத் தூண்டல் என்று கிட்டத்தட்ட இதே வரிசைதான். அவளுக்குத் தமிழ் வேகமாக வாசிக்க வராது. நான் முந்தின நாள் ராத்திரி ஒரு பகுதியைப் படித்து வைத்துக்கொண்டு அவளோடு பேசுவேன். 25 வருடம் கழித்து மின்காந்தத் தூண்டலில் வரும் லென்ஸ் விதியை மறுபடி படித்தது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இதற்கு நடுவில் டியூஷனும் முயற்சி செய்தோம். தெரிந்தவர்கள் சொல்லி, மணிக்கு 80 டாலர் என்று இரண்டு வகுப்பு. அவர் மளமளவென்று கணக்குகளைப் போட்டுக் காட்டினார். மகள் பார்த்துத் தலையாட்டினாள். விடையைத் திறந்து பார்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை என்று தோன்றியதால் நிறுத்திவிட்டோம். டியூஷனே கூடாது என்று சொல்ல மாட்டேன். பேனா யார் கையில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் முக்கால்வாசி நேரம் பிள்ளையின் கையில் இருந்தால் அந்தப் பணம் வீண் போகாது.

அவள் பழக்கிக்கொண்ட முறை எளிமையானது. ஒரு கணக்குக்குக் கட்டாயம் 25 நிமிடம். அதற்குள் விடையைத் திறக்கக் கூடாது. முடியாமல் போனால் பேனா நின்ற இடத்தில் சிவப்பில் ஒரு கோடு. பிறகு விடையில் அந்தக் கோட்டுக்கு அடுத்த ஒரு வரியை மட்டும் பார்த்து, மூடிவிட்டு, மீதியைத் தானே போட வேண்டும். மறுநாள் அதே கணக்கை வெற்றுத் தாளில் முதலிலிருந்து போட வேண்டும். இந்த மறுநாள் வேலைதான் அவளுக்குக் கடுப்பாக இருந்தது. பார்த்த கணக்கைத் திரும்ப எதற்குப் போடணும் என்பாள். ஆனால் முதல் வாரத்தில் அப்படித் திரும்பப் போட்ட ஏழு கணக்கில் நான்கு மறுபடி அதே கோட்டில் நின்றன. அதைப் பார்த்த பிறகு கேள்வி கேட்கவில்லை.

சிவப்புக் கோடுகளைத் தொகுத்துப் பார்த்ததில் இன்னொரு இடமும் தெரிந்தது. சின்ன ஆர், பெரிய ஆர் குழப்பம். பெரிய ஆர் என்பது கோளத்தின் ஆரம், சின்ன ஆர் என்பது நாம் கற்பனையாக வரையும் காஸ் பரப்பின் ஆரம். மின்னூட்டம் முழுக்கச் சீராகப் பரவிய கோளத்துக்குள் பாதி ஆரத்தில் நின்றால், உள்ளே அடங்கியிருப்பது எட்டில் ஒரு பங்கு மின்னூட்டம்தான். அவள் முழு மின்னூட்டத்தையும் போட்டுக்கொண்டிருந்தாள். இதற்கு ஆசிரியர் சொன்ன வழி: ஒவ்வொரு படத்திலும் காஸ் பரப்பை வேறு நிறத்தில் புள்ளிக்கோடாக வரை, எழுதும் முன் அதற்குள் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல். ஒரு வாரம் அவள் அறையிலிருந்து முணுமுணுப்பு கேட்டுக்கொண்டே இருந்தது.

பழைய தேர்வுத்தாள்களைப் பற்றி ஒரு தகவல். பல வருடங்களின் விரிவான விடைக் கேள்விகளையும், எந்த வரிக்கு எத்தனை மதிப்பெண் என்ற திருத்தும் குறிப்புகளையும் காலேஜ் போர்டு தன் இணையதளத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. அவற்றைப் பார்த்த பிறகுதான் இறுதி விடை தப்பானாலும் எவ்வளவு மதிப்பெண் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. சரியான விதியை எழுதினால் ஒன்று, அதில் சரியான மதிப்பைப் பொருத்தினால் ஒன்று, காரணம் சொன்னால் ஒன்று என்று பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். அதுவரை விடை வராது என்று தெரிந்தால் முழுக் கேள்வியையும் வெற்றாக விட்டுக்கொண்டிருந்தாள். ஃபார்முலாத் தாளும் தேர்வில் கையோடு தருகிறார்கள், மனப்பாடம் செய்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2025 மே முதல் பிசிக்ஸ் சி தேர்வின் அமைப்பு மாறிவிட்டது. முன்பு சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் 35, விரிவான கேள்விகள் 3, ஒவ்வொரு பகுதிக்கும் 45 நிமிடம். இப்போது தேர்ந்தெடுக்கும் கேள்விகள் 40, அதற்கு 80 நிமிடம். விரிவான கேள்விகள் 4, அதற்கு 100 நிமிடம். முதல் பகுதி கணினியில், இரண்டாவது கையால் எழுதுவது. பழைய தாள்களை வைத்துப் பழகும்போது ஒரு விரிவான கேள்விக்கு 15 நிமிடம் என்று கடிகாரம் வைத்துப் பதற வேண்டியதில்லை. இப்போது 25 நிமிடம் இருக்கிறது. அவள் கணக்குக்கு 25 நிமிடம் என்று வைத்துக்கொண்டதும் இதனால்தான்.

மார்ச் நடுவில் பள்ளியில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலரை நானும் அவளும் சேர்ந்து பார்த்தோம். பாடத்தை விட்டுவிடலாமா என்ற கேள்வி அப்போதும் அவள் மனதில் இருந்தது. கவுன்சிலர் நிதானமாக விளக்கினார். விண்ணப்பத்தில் இந்தப் பாடத்தைப் படிக்கிறேன் என்று எழுதியிருக்கிறோம். நடுவில் விட்டால் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், மதிப்பெண் பட்டியலில் விலகியதாகப் பதிவாகும். ஏ வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை ஒரு பாடத்தில் ‘சி’ கிரேடுக்கு இறங்கினால் பெரும்பாலும் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். டி, எஃப் என்று போனால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரலாம், மிகச் சிலருக்கு இடமே ரத்தாகியும் இருக்கிறது. உதவித்தொகைக்கு மதிப்பெண் நிபந்தனை தனியாக இருக்கும், அதைப் பாருங்கள் என்றார். அதை நான் யோசித்திருக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். இருந்தது, ஆனால் மொத்தச் சராசரிக்குத்தான், அவளுக்கு ஆபத்தில்லை.

அந்தப் பேச்சுக்குப் பிறகு மகளின் முகம் மாறியதைப் பார்த்தேன். ஒரு மாதமாக அவள் மனதில் ஓடிய கணக்கு வேறு. ஒரு டெஸ்டில் 47 வாங்கினால் காலேஜ் போய்விடும், இன்ஜினியரிங்குக்கே தான் தகுதியில்லை, தவறிப்போய் இடம் கொடுத்துவிட்டார்கள், இதெல்லாம் ராத்திரிகளில் தனியாக உட்கார்ந்து அவள் நினைத்தது. காரில் திரும்பி வரும்போதுதான் சொன்னாள். நான் ஓர் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டேன். “அன்னிக்கு உன்னை அப்படிக் கேட்டது தப்பு கண்ணு” என்றேன். “பரவால்லம்மா” என்றாள். அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

ஏப்ரல் மாதம் மதிப்பெண்கள் மெதுவாக ஏறின. 71, 78, காந்தவியலில் 83. மின்தேக்கிகளும் மின்தடைகளும் சேர்ந்த சுற்றுகளில் மறுபடி ஒரு 69 வந்தது. அந்தத் தாளை அவளே சாப்பாட்டு மேஜையில் என் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள், சிவப்புக் கோடுகளோடு.

தேர்வை எழுதுவதா வேண்டாமா என்றும் ஒரு வாரம் யோசித்தோம். நவம்பரிலேயே பதிவு செய்து, ஒவ்வொரு தாளுக்கும் சுமார் 100 டாலர் கட்டியிருந்தோம். எழுதாமல் விட்டால் ஒரு தாளுக்கு 40 டாலர் பிடித்துக்கொண்டு மீதி வரும். பணத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம், உன் பல்கலைக்கழகத்தின் விதியைப் பார் என்றேன். அங்கே 4 அல்லது 5 வாங்கினால்தான் முதல் வருட பிசிக்ஸ் பாடத்துக்கு விலக்கு. ஒவ்வொரு இடத்திலும் இது வேறு, துறைக்குத் துறையும் மாறும், அவரவர் இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். மின்னியலில் 4 வருவது சந்தேகம் என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும் இரண்டையும் எழுதுகிறேன் என்றாள். இவ்வளவு படித்துவிட்டு எழுதாமல் விட மனசு வரவில்லையாம்.

ஜூனில் பள்ளி முடிந்தபோது அந்தப் பாடத்தில் வருடத்துக்கு பி மைனஸ். பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போனது, எந்தக் கடிதமும் வரவில்லை. ஜூலையில் ஏபி முடிவுகள் வந்தன. மெக்கானிக்ஸில் 5, மின்னியலில் 3.

மின்னியலைக் கல்லூரியில் மறுபடி படிக்க வேண்டும். ஆகஸ்டில் பாடங்களைத் தேர்வு செய்யும்போது அதை முதல் செமஸ்டரில் வைக்காமல், கால்குலஸின் அடுத்த பகுதியைப் படித்துக்கொண்டே எடுக்கும்படி வசந்த கால செமஸ்டருக்கு வைத்துக்கொண்டாள். அந்தப் பேராசிரியரைச் சந்திக்கும் நேரம் எப்போது என்று இப்போதே பார்த்துக் குறித்து வைத்திருக்கிறாள். செவ்வாய், வியாழன், மதியம் 2 மணி.